சோள விதை இரண்டு: ஓர் ஒப்பீட்டின் வரலாறு

கலப்பினச் சோளம் சாதாரண சோளத்திலும் பார்க்க இருமடங்கு, மும்மடங்கு விளைவு தருமென்பது இன்று பலராலும் ஐயமின்றிக் கூறப்படும் செய்தியாகும். எதனை எதனோடு ஒப்பிட்டனர், எந்த மண்ணில் ஒப்பிட்டனர், இரண்டுக்கும் ஒரே பசளையும் ஒரே பராமரிப்பும் கிடைத்தனவா என்று வினவுவார் அரியர். வரலாறு பயில்வோர் ஒரு சாசனத்தைக் கண்டால், அதனைப் பொறித்தவன் யார், எப்பொழுது, எதற்காக என்று முதலிற் கேட்பர். விளைச்சற் கணக்கும் ஒருவகைச் சாசனமே. ஆதலின் அதனையும் அவ்வாறு கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சொற்பொருள் ஒன்றைத் தெளிவாக்கல் வேண்டும். தமிழகத்துப் பழைய நூல்களிலும் வழக்கிலும் சோளம் என்பது வேறொரு தானியம். இங்கு பேசப்படுவது அங்கே மக்காச்சோளம் என வழங்குவது. சிங்கள மக்கள் ‘படஇரிங்கு’ என்பது. வரக்காப்பொலைப் பகுதித் தோட்டங்களிலே லயத்தின் பின்புறத் துண்டு நிலத்தில் பயற்றங்கொடிக்கும் மரவள்ளிக்கும் இடையே நிற்பது. நம்மவர் இதனைச் சோளம் என்றே அழைப்பதால் யானும் அவ்வாறே அழைக்கின்றேன்.

இச்சோளம் மெக்சிக்கோ நாட்டின் தெற்குப் பள்ளத்தாக்குகளில் ஏறத்தாழ ஒன்பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மக்களால் உருவாக்கப்பட்டது. கொலம்பஸ் 1492ஆம் ஆண்டில் அமெரிக்கத் தீவுகளை அடைந்தபின் ஐரோப்பியர் அதனை அறிந்தனர்; பின்னர் போர்த்துக்கேயர் முதலியோரின் கப்பல்களோடு கீழைத்தேயங்களுக்கும் வந்தது. அதுவரையில், அந்த ஒன்பதினாயிரம் ஆண்டுகளிலும் அதனைப் பேணியோர் உழவரேயன்றி விஞ்ஞானிகள் அல்லர்.

சோளச் செடியின் அமைப்பு மற்றைத் தானியங்களின் அமைப்பினின்றும் வேறுபட்டது. நெல்லிலே ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள் அடங்கியிருத்தலால் அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். சோளத்திலோ ஆண்பூக்கள் உச்சியிற் குஞ்சமாய் நிற்க, பெண்பூக்கள் கணுவிலே கதிராய் இருக்கும். குஞ்சத்திலிருந்து உதிரும் மகரந்தத்தைக் காற்று அயற்செடிகளின் கதிர்மயிரிற் கொண்டு சேர்க்கும். ஒரு கதிரின் மணிகளுக்குத் தாய் ஒன்றாயினும் தந்தையர் பலர். இவ்வாறு காற்றின் போக்கிற் கருவுற்று வழிவழியாக வரும் இனத்தையே திறந்த மகரந்தச் சேர்க்கை இனம் என்பர். அது தூய இனம் என்று எண்ணுவது தவறு. அந்த வயலில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு கலப்பு. இவ்வுண்மையைத் தெளிவாகக் கூறியவர் ஜோர்ஜ் ஹரிசன் ஷல் என்னும் அமெரிக்கர். அவர் 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு கட்டுரையே பின்வந்த மாற்றங்கள் யாவற்றுக்கும் வித்தாகும்.

அவருக்கு முன் அமெரிக்க உழவர் நடந்துகொண்ட முறையையும் அறிதல் நன்று. ஒகையோவிலிருந்து 1846ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த றொபேட் றீட் என்பவர் தம்மோடு கொண்டு சென்ற விதையை விதைத்தார். அடுத்த ஆண்டில் அவ்விதை சரிவர முளைக்கவில்லை. இடையிடையே வெறுமையாய்க் கிடந்த குழிகளில் அவ்வூர்ச் சிறுசோளத்தை ஊன்றினார். காற்று இரண்டையும் கலந்தது. தந்தையும் அவருக்குப்பின் மகனும் ஆண்டுதோறும் நல்ல கதிர்களைத் தெரிந்து விதைத்துவர, றீட் மஞ்சட்சோளம் உருவாயிற்று. அது 1893ஆம் ஆண்டிற் சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியிற் பரிசு பெற்று, பின்னர் அந்நாட்டின் சோளவலயம் எங்கும் பரவியது. முளைக்காத விதை இல்லையாயின் அவ்வினமும் இல்லை!

பரிசு பெற்ற அவ்வழகே பின்னர்க் கேடாயிற்று. கண்காட்சிகளிலே கதிரின் வடிவமும் மணிவரிசையின் நேர்த்தியும் புள்ளிகளைப் பெற்றன. விளைவை எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. அயோவாவிற் பள்ளி மாணவனாயிருந்த ஹென்றி வலஸ் என்பவர், கண்காட்சியில் மதிப்புப் பெற்ற கதிர்களின் மணிகளை 1904ஆம் ஆண்டில் வரிசை வரிசையாக விதைத்து அறுவடையை நிறுத்துப் பார்த்தார். அழகிற் சிறந்த கதிர் விளைவிற் சிறந்ததாக இருக்கவில்லை. இவரே பின்னர் அந்நாட்டின் விவசாய அமைச்சராகவும் துணைச் சனாதிபதியாகவும் விளங்கியவர். அமெரிக்காவில் ஏக்கருக்குச் சராசரி விளைவு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக 26 புசல் அளவிலேயே, அதாவது எக்டேயருக்கு 1.6 தொன் அளவிலேயே நின்றது. இதற்குக் காரணம் திறந்த இனத்தின் இயற்கைக் குறையா, அன்றித் தெரிவு செய்தோரின் கண் பிழையா என்பது கேட்கத்தக்க வினா.

ஷல் செய்தது யாது? செடியின் குஞ்சத்து மகரந்தத்தை அச்செடியின் கதிருக்கே இட்டுப் பையால் மூடினார். தலைமுறை தோறும் இவ்வாறு செய்ய, செடிகள் குட்டையாயின, கதிர்கள் மெலிந்தன, ஆயினும் ஒரு வழியிற் பிறந்தவை அனைத்தும் ஒன்றுபோல் இருந்தன. இத்தகைய மெலிந்த வழிகள் இரண்டனைக் கலந்தபொழுது பிறந்த சந்ததி, இரு பெற்றோரையும் விஞ்சியதோடு, சில சேர்க்கைகளில் மூல இனத்தையும் விஞ்சியது. இதுவே கலப்பு வீரியம் எனப்படுவது. சாள்ஸ் டார்வின் தன்சேர்க்கையையும் அயற்சேர்க்கையையும் ஒப்பிட்டு 1876ஆம் ஆண்டிலேயே நூல் எழுதியிருந்தாராயினும், அதனை விதை உற்பத்தி முறையாக்கியது ஷலும் அவர் காலத்து ஈஸ்றும் நடத்திய சோதனைகளே.

இடர் ஒன்று இருந்தது. மெலிந்த தாய்ச்செடி தரும் விதை மிகச் சில. ஆதலால் அதன் விலை உழவனுக்கு எட்டாதது. கனெற்றிக்கட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டொனால்ட் ஜோன்ஸ் 1917ஆம் ஆண்டை ஒட்டி இதற்கு வழி கண்டார். நான்கு வழிகளை இரண்டிரண்டாகக் கலந்து, பிறந்த இரு வீரியச் செடிகளை மீண்டும் கலத்தலே அவ்வழி. இரண்டாவது கலப்பிலே தாய்ச்செடி வலியதாகையால் விதை ஏராளமாகக் கிடைத்தது. இதனை இரட்டைக் கலப்பு என்பர். வலஸ் 1924ஆம் ஆண்டிற் செப்பு நிறமான தம் முதற் கலப்பின விதையை விற்பனைக்கு விட்டார். 1926ஆம் ஆண்டில் விதைக் கம்பனி ஒன்றையும் தொடங்கினார். பிற்காலத்திற் பயனியர் எனப் பெயர் பெற்றது அதுவே.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். அயோவாவின் இரு ஊர்களில் 259 உழவரை விசாரித்து றையன், குறோஸ் என்னும் இரு சமூகவியலாளர் 1943ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையிற் புகழ்பெற்றது. அவ்வுழவருள் இருவர் தவிர ஏனையோர் அனைவரும் 1928க்கும் 1941க்கும் இடையிற் புதிய விதைக்கு மாறிவிட்டனர். எனினும், முதல் ஆண்டிலேயே தம் நிலம் முழுவதையும் அதற்குக் கொடுத்தவரைக் காண்பது அரிது. ஒரு மூலையில் விதைத்தனர், அயலவன் வயலை எட்டிப் பார்த்தனர், பின்னரே பெருக்கினர். அக்காலக் கலப்பினம் பழைய இனத்தை விஞ்சிய அளவு நூற்றுக்கு இருபது அளவிலேயே இருந்தது. இருமடங்கும் அன்று, மும்மடங்கும் அன்று. நூற்றுக்கு இருபதுக்காகவா ஒரு நாடு முழுவதும் விதையை மாற்றியது என்று வியப்போருக்கு வயலின் தோற்றமே விடை பகரும். கலப்பினச் செடிகள் ஒரே உயரமாய் எழுந்து, ஒரே காலத்திற் பூத்து, கதிரை ஒரே மட்டத்தில் ஏந்தி நின்றன. தண்டு வலிதாகையாற் காற்றிற் சாயவில்லை. கதிர் பறிக்கும் இயந்திரம் வந்துகொண்டிருந்த காலம் அது. சாய்ந்த செடியை இயந்திரம் எடுப்பதில்லை. மேலும் 1934, 1936ஆம் ஆண்டுகளின் கொடிய வரட்சியில் கலப்பினம் ஓரளவு தாங்கி நின்றதை உழவர் தம் கண்ணாற் கண்டனர். வளர்ச்சியின் வேறுபாடே விளைவின் வேறுபாட்டிலும் பார்க்க அவர்களை ஈர்த்தது என்பது என் கருத்து.

சோவியத் நாட்டின் கதை ஈண்டு நினைவுகூரத் தக்கது. தன்சேர்க்கையால் விதையை மெலிவிப்பது வீண் என லைசெங்கோ எதிர்த்து நின்றார். அதே நாடு 1955ஆம் ஆண்டில் அயோவாவின் றொஸ்வெல் கார்ஸ்ற் என்பவரிடம் கலப்பின விதை வாங்கியது. நான்கு ஆண்டுகளின் பின் குருஷேவ் அவருடைய பண்ணைக்கே நேரிற் சென்றார்.

இன்று அமெரிக்காவின் சராசரி விளைவு ஏக்கருக்கு 170 புசலைத் தாண்டியுள்ளது. 26 எங்கே, 170 எங்கே என்று இரண்டையும் அருகருகே நிறுத்திக் கலப்பினத்தின் வெற்றி என்பார் உளர். இது பொருந்தாத ஒப்பீடு. இடையில் நிகழ்ந்தவை பல. இரண்டாம் உலகப் போரின்பின் நைதரசன் பசளை மலிந்தது, களைநாசினி வந்தது, எக்டேயருக்கு முப்பதினாயிரம் அளவில் நின்ற செடிகள் எழுபத்தையாயிரத்துக்கும் மேலாயின. பயனியர் கம்பனியைச் சேர்ந்த டொனால்ட் டுவிக் என்னும் அறிஞர் பல காலத்துக் கலப்பினங்களை ஒரே வயலில் வளர்த்து ஒப்பிட்டார். நெருக்கமின்றி நட்டபொழுது பழைய கலப்பினத்துச் செடிக்கும் புதியதற்கும் விளைவிற் பெரும் பேதம் இல்லை. நெருக்கி நட்டபொழுதே புதியது வென்றது. அஃதாவது, தனிச்செடி பெருத்ததன்று. கூட்டத்தில் வாடாது நிற்கும் தன்மையையே அது பெற்றது. உயர்வில் ஏறத்தாழப் பாதியே விதையின் பங்கு, மீதி பயிர்செய்முறையின் பங்கு என்பது அவர் போன்றோர் கண்ட முடிபு. விதை விற்கும் கம்பனியைச் சேர்ந்த ஒருவரே இதனைக் கூறியிருப்பது குறிப்பிடத்தக்கது.

வேறொரு வினாவை பேர்லான், லூவொன்ரின் என்போர் 1986ஆம் ஆண்டில் எழுப்பினர். கலப்பினத்துக்கு அளிக்கப்பட்ட பணமும் அறிவும் உழைப்பும் திறந்த இனத்துக்கும் அளிக்கப்பட்டிருப்பின் அதுவும் அவ்வாறே உயர்ந்திருக்கும். கலப்பின விதையை உழவன் மீண்டும் மீண்டும் வாங்கவேண்டியிருப்பதே முதலாளிகளை அவ்வழியில் ஈர்த்தது என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை உண்டு. பந்தயத்தில் ஒருவனுக்கு மட்டும் பயிற்சியளித்துவிட்டு மற்றவனைத் தோற்றான் என்பது நீதியன்று. ஆயினும் வாதம் முழுவதையும் ஏற்க யான் தயங்குகிறேன். தாய்லாந்தின் கசெற்சாற் பல்கலைக்கழகம் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட சுவான்-1 என்னும் திறந்த இனம், அடிச்சாம்பல் நோயை எதிர்த்து நின்று பல நாடுகளிற் புகழ் பெற்றது. பயிற்சி பெற்றால் திறந்த இனமும் ஓடும் என்பதற்கு அது சான்று. ஆனால் அதே தாய்லாந்து பின்னர்க் கலப்பினத்துக்கு மாறியது. அக்கலப்பினங்களுட் பல சுவானின் வழியிலிருந்தே பிறந்தன. ஆகவே இரண்டும் பகையினங்கள் அல்ல. ஒன்று மற்றதன் கருவூலம்.

மீண்டும் மீண்டும் வாங்கவேண்டும் என்பதன் காரணத்தைக் கணக்கால் விளக்கலாம். சிவெல் றைற் என்பார் 1922ஆம் ஆண்டிற் கூறிய விதி எளியது. கலப்பு வீரியத்தால் வந்த மிகுதியில், எத்தனை பெற்றோர் வழிகள் சேர்ந்தனவோ அத்தனையில் ஒரு பங்கு அடுத்த தலைமுறையில் இழக்கப்படும். மெலிந்த வழி 1 தொன்னும் கலப்பு 4 தொன்னும் தருவதாக வைத்துக்கொள்வோம். மிகுதி 3 தொன். இரு வழிகளின் கலப்பாயின், சேமித்த விதை அதிற் பாதியை இழந்து 2.5 தொன் தரும். நான்கு வழிகளாயின் காற்பங்கை இழந்து 3.25 தொன் தரும். பத்து வழிகளைக் கலந்திருப்பின் இழப்பு பத்திலொரு பங்கே; 3.7 தொன் கிடைக்கும். அதன்பின் வரும் தலைமுறைகளில், காற்று தாராளமாகக் கலக்கும்வரை, மேலும் இறங்காது. இச்சிறு கணக்கை அறிந்தவர்க்குப் பின்வந்த வரலாறு எளிதில் விளங்கும்.

இந்தியாவிலே 1957ஆம் ஆண்டில், றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன், அகில இந்திய ஒருங்கிணைந்த சோள ஆராய்ச்சித் திட்டம் தொடங்கிற்று. கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் என்னும் இரட்டைக் கலப்பினங்கள் 1961ஆம் ஆண்டில் வெளிவந்தன. தேசிய விதைக் கழகம் 1963ஆம் ஆண்டில் தோன்றியது. விளைவு நன்றே. ஆனால் நான்கு வழிகளையும் தனித்தனி பேணி, குஞ்சம் கிள்ளி, ஆண்டுதோறும் புதுவிதையை ஆயிரமாயிரம் கிராமங்களுக்குக் கொண்டு சேர்ப்பது அரிதாயிற்று. ஆகவே 1967ஆம் ஆண்டில் விஜய், கிசான், ஜவகர், விக்ரம், சோனா, அம்பர் என்னும் கூட்டினங்களை வெளியிட்டனர். பல இனங்களை ஒன்றாய்க் கலந்து காற்றிற் பெருகவிட்டவை இவை. உழவன் சில ஆண்டுகள் தன் விதையையே விதைக்கலாம். றைற்றின் விதி அங்கே உழவனுக்குத் துணையாக நின்றது. அமெரிக்காவிலோ அதே விதி எதிர்த்திசையிற் பயன்பட்டது: 1960களில் வலிய தாய்வழிகள் கிடைத்தவுடன் கம்பனிகள் இரட்டைக் கலப்பை விடுத்து இருவழிக் கலப்புக்கு மாறின. விளைவும் சீர்மையும் உயர்ந்தன; சேமித்த விதையின் இழப்பும் உயர்ந்தது. தொண்ணூறுகள் முதல் இந்தியாவும் அவ்வழியே சென்றது. இன்று தமிழகத்துச் சோளத்தின் பெரும்பகுதி நாமக்கற் கோழிப் பண்ணைகள் போன்றவற்றின் தீனிக்காகக் கலப்பின விதையிலிருந்தே விளைகிறது.

சீர்மைக்கும் விலை உண்டு. விதை வயலிற் குஞ்சம் கிள்ளும் கூலியை மிச்சப்படுத்த, அமெரிக்கக் கம்பனிகள் மகரந்தம் தராத ரெக்சாஸ் வழி என்னும் தாய்க்குணத்தைப் புகுத்தின. நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட சோளத்தில் 1970ஆம் ஆண்டில் அக்குணமே இருந்தது. அக்குணத்தையே தாக்கும் இலைக்கருகல் பங்கசு ஒன்று அவ்வாண்டிற் பரவ, நாட்டின் விளைவில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து அழிந்தது.

கேகாலை மாவட்டத்து வாசகர்க்கு இது புதுமையன்று. இறப்பரின் கதையும் இதுவே. 1876ஆம் ஆண்டில் கியூ தோட்டத்திலிருந்து கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைக்கு வந்த கன்றுகளின் வழிவந்தவை காற்றும் பூச்சியும் கலந்த விதைமரங்கள். அவை ஏக்கருக்கு ஆண்டுக்கு 400, 500 இறாத்தல் தந்தன. கீழிந்தியத் தீவுகளில் ஒல்லாந்தர் 1910களில் அரும்பொட்டு முறையைக் கண்டபின், ஒரு நல்ல மரத்தையே ஆயிரமாக்க முடிந்தது. 1953ஆம் ஆண்டின் மீள்நடுகை மானியச் சட்டத்தோடு மலாயாவின் பி.பி. 86 முதலிய ஒட்டினங்கள் நம் மலைச்சரிவுகளை நிரப்பின. விளைவு 1000 இறாத்தலைத் தாண்டியது. அடுத்து இந்நாட்டு ஆராய்ச்சி நிலையத்தின் ஆர்.ஆர்.ஐ.சி. 100 முதலியன வந்தன. அவ்வரிசையில் நம்பிக்கையோடு நடப்பட்ட 103ஆம் இலக்க இனம் 1980களின் நடுப்பகுதியில் இலையுதிர் நோயொன்றால் வெறுங்கிளையாகி, கைவிடப்பட்டது. பால் வெட்டும் தொழிலாளிக்கு இனம் மாறினால் நிறையும் மாறும். நிறை மாறினாற் சம்பளமும் மாறும். ஆதலின் விளைவின் ஒப்பீடு இங்கே வெறும் ஏட்டுக் கணக்காய் இருந்ததில்லை.

இலங்கைச் சோளத்துக்கு வருவோம். இது நெடுங்காலம் சேனைப் பயிராகவே இருந்தது. பெரும்போக மழையை நம்பி, பசளையின்றி, குரக்கனோடும் பயறோடும் கலந்து விதைப்பர். மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பத்ரா, ருவன் முதலிய திறந்த இனங்கள் வெளிவந்தன. நல்ல பராமரிப்பில் அவை விவசாயி பெற்றதன் பன்மடங்கு விளைந்தன. சேனையிலோ தேசியச் சராசரி 2000ஆம் ஆண்டளவில் எக்டேயருக்கு 1 தொன் அளவிலேயே கிடந்தது. அதன்பின் கோழித்தீனிக்கான தேவை பெருகியது. இறக்குமதிக் கலப்பின விதை அனுராதபுரம், மொனராகலை, அம்பாறை மாவட்டங்களில் விரைந்து பரவியது. இந்நாட்டிலேயே உருவாக்கிய சம்பத் என்னும் கலப்பினமும் வெளிவந்தது. சராசரி 3 தொன்னைத் தாண்டியது. இங்கும் மும்மடங்கு! ஆனால் அதே ஆண்டுகளிற் பசளையும் களைநாசினியும் வங்கிக் கடனும் கொள்வனவு ஒப்பந்தமும் அதே வயலுக்கு வந்தன. சேனையிற் பட்டினி கிடந்த பத்ராவையும் பசளை உண்ட கலப்பினத்தையும் ஒப்பிட்டுப் பெற்றதே அந்த மும்மடங்கு. ஒரே பராமரிப்பிலும் கலப்பினம் முந்தும் என்பதை யான் மறுக்கவில்லை. முந்தும் தூரம் அவ்வளவன்று என்பதே கூற வந்தது. அதன் மறுபக்கத்தை 2021ஆம் ஆண்டு காட்டிற்று. இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோது, விலை கொடுத்து வாங்கிய விதை பசளையின்றி நின்றது. சோள விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அதற்கு முன் 2018ஆம் ஆண்டின் பெரும்போகத்தில் வந்த சேனா படைப்புழுவோ இரு விதைகளையும் வேறுபாடின்றி உண்டது.

தோட்டத்து லயங்களில் நிலைமை வேறு. அங்கே எக்டேயர் இல்லை. முப்பது நாற்பது செடி நிற்கும் துண்டே உண்டு. உணவு இறக்குமதி சுருங்கிய 1973, 1974ஆம் ஆண்டுகளிலே தோட்டங்களில் மரணவீதம் உயர்ந்தது பதிவான செய்தி. மரவள்ளியும் சோளமும் அக்காலத்தில் எவ்வளவு துணையாயின என்பதை முதியோர் இன்றும் கூறுவர். அன்று விதைப் பை வாங்கப் பணம் இல்லை. அடுப்புக்கு மேலே புகையிற் கட்டித் தொங்கவிட்ட கதிரே விதை. புகை வண்டைத் தடுத்தது.

அக்கதிர் திறந்த இனம் என்று இன்று உறுதியாகக் கூறல் இயலாது. விதை வயல்களை ஏனைச் சோளத்திலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் விலக்கி அமைப்பது முறை. லயத்திலோ அடுத்த வீட்டுத் துண்டு பத்தடி தூரத்தில் உள்ளது. ஒருவர் நகரத்துக் கடையிற் கலப்பின விதை வாங்கி நட்டால், அதன் மகரந்தம் அயல்வீட்டுப் பழஞ்சோளத்தின் மணியிற் புகும். அயல்வீட்டு மகரந்தம் அதன் மணியிற் புகும். அடுத்த பருவத்தில் இரு வீட்டாரும் விதைப்பது இரண்டும் அல்லாத மூன்றாவதொன்று.

பெரிய ஆபத்து மற்றொரு பக்கத்தில் இருக்கிறது. மிக அழகிய கதிர் ஒன்றையோ இரண்டையோ மட்டும் விதைக்கு வைப்பது வழக்கம். அம்மணிகள் அனைத்தும் உடன்பிறந்தவை. அவற்றையே ஆண்டுதோறும் தமக்குள் கலக்கவிட்டால், ஷல் பையிட்டுச் செய்ததையே சிறிது மெதுவாகச் செய்தவராவோம். செடி குட்டையாகும், கதிர் மெலியும். ஆராய்ச்சியாளர் திறந்த இனத்தைப் பேண நூறு கதிர்கள் அளவிலாவது எடுப்பர். முப்பது செடி உள்ள வீட்டில் அது முடியாது. ஆனால் ஒரு லயத்தின் பத்து வீடுகளும் ஒவ்வொன்றும் பத்துக் கதிரிலிருந்து ஒரு பிடி கொடுத்து ஒரே பாத்திரத்திற் கலந்து மீண்டும் பகிர்ந்துகொண்டால் நூறு கதிர் ஆகிவிடும். பக்கத்துத் தோட்டத்து உறவினர் கொண்டுவரும் ஒரு பிடி விதையும் சேர்ந்தால் இன்னும் நன்று. இந்தியா 1967ஆம் ஆண்டில் ஆறு பெயர்களிட்டு வெளியிட்டது இத்தகைய பாத்திரத்தில் உள்ளதையே. அளவு பெரிது, தெரிவு நுணுக்கமானது, அவ்வளவே வேறுபாடு.